நீலப்புள்ளித் திருக்கை: ஒரு பெயருக்குள் பல மீன்கள்

இந்தியக் கடலோரத்தின் ஆழங்குறைந்த மணல்தரையில் வாழும் ஒரு சிறிய திருக்கைக்கு 2018 வரை சொந்தப் பெயர் கிடையாது. அது அரிய மீனல்ல. இழுவை மடியில் ஏறுகிறது, வலையில் சிக்குகிறது, மற்றத் திருக்கைகளோடு கூடையில் விழுந்து ஏலம் போகிறது. முதுகில் நீலப் புள்ளிகள், இரு கண்களையும் சேர்த்துக் கட்டியது போலக் குறுக்கே ஓடும் கருந்திரை, வாலின் நுனிப்பாதியில் கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் வளையங்கள். இத்தனை அடையாளங்களைச் சுமந்து திரியும் ஒரு மீனைப் பார்த்து யாரும் ஏமாற மாட்டார்கள் என்றுதான் தோன்றும். மீனியல் நூல்களும் தயங்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கா தொடங்கி ஜப்பான், ஆஸ்திரேலியா வரை எங்கே இப்படியொரு மீன் கிடைத்தாலும் ‘நியோட்ரைகன் குலியை’ என்ற ஒரே பெயரில் பதிந்துகொண்டன.

அந்தப் பெயர் நம் கடலில் கிடைக்கும் மீனுக்கு உரியதல்ல. அதற்கு உரிய மீன் பசிபிக்கில், சாலமன் தீவுகளின் பக்கம் இருக்கிறது.

இது எப்படி நடந்தது என்று புரிய வேண்டுமானால், ஒரு திருக்கையை எதை வைத்து இன்ன இனம் என்று முடிவு செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள், உறவினர்கள். திருக்கையில் பக்கத்துடுப்புகள் தலையோடும் உடலோடும் ஒன்றாகி ஒரு தட்டாக விரிந்துவிட்டன. வாயும் செவுள் பிளவுகளும் அடியில், கண்கள் மேலே. கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை. மணலில் புதைந்து கிடக்கும்போது அந்தத் துளை வழியாகத்தான் நீரை உள்ளிழுத்து மூச்சுவிடுகிறது. 2016-இல் வெளியான ‘ரேஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ என்ற பெருந்தொகுப்பு உலகத் திருக்கைகளை 633 இனங்களாகக் கணக்கிட்டது. இவற்றுள் பெரும்பாலானவை தவிட்டு நிறமோ சாம்பல் நிறமோ கொண்டவை. எனவே கண்ணில் முதலில் படும் நிறத்தை வைத்து இனங்காணப் புகுந்தால் முதலடியிலேயே சறுக்கும்.

பழகிய கண் முதலில் தட்டின் வடிவத்தைப் பார்க்கும். முட்டை வடிவமா, சாய்சதுரமா, நீளத்தைவிட அகலம் மிகுந்து சிறகு விரித்ததா? மூக்கு கூர்மையா, மழுங்கலா? அடுத்து வால். கொட்டும் திருக்கைகளின் குடும்பத்தில் வாலே பாதி விடையைச் சொல்லிவிடும். சாட்டை போல நீண்டு, தோல்மடிப்பு எதுவும் இல்லாமல் இருந்தால் ஹிமாந்துரா வகையாக இருக்கலாம். வாலின் அடிப்பக்கம் கொடித்துணி போல அகன்ற மடிப்பு தொங்கி, நுனிக்குப் போகாமல் நடுவிலேயே முடிந்தால் பாஸ்டினாக்கஸ். தட்டு மிக அகலமாகவும் வால் இருப்பதே தெரியாத அளவு குட்டையாகவும் இருந்தால் ஜிம்னூரா. முகமூடித் திருக்கை என்று சொல்லத்தக்க நியோட்ரைகனின் வால் குட்டை. அதில் முள்ளுக்குப் பின்னால் மேலும் கீழும் தோல்மடிப்பு உண்டு, பிறகு வளையங்கள். முதுகின் நடுக்கோட்டில் சிறு முட்கள் வரிசையாக நிற்கும். இதையெல்லாம் பார்த்த பிறகே புள்ளிகளுக்கு வர வேண்டும்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நீலப்புள்ளியே நல்ல சான்று. முக்குளிப்பவர்கள் எடுக்கும் படங்களில் மிக அதிகமாகப் பெயர் குழம்பும் திருக்கைகள் இரண்டு. இரண்டுக்கும் முதுகில் நீலப் புள்ளி. இரண்டும் பவளப்பாறைப் பக்கத்து மணலில் கிடப்பவை. ஒன்று முகமூடித் திருக்கை. இன்னொன்று டேனியூரா லிம்மா. லிம்மாவின் தட்டு நீள்வட்டம். நியோட்ரைகனின் தட்டு கோணம் கொண்ட சாய்சதுரம். லிம்மாவின் மஞ்சள் கலந்த பழுப்பு முதுகில் நீலம் மின்னும். முகமூடியின் புள்ளிகள் மங்கல். பலவற்றைச் சுற்றிக் கருவளையம் இருக்கும். லிம்மாவின் வாலில் நீளவாக்கில் இரண்டு நீலக்கோடுகள் ஓடும். குறுக்கு வளையங்கள் கிடையாது. அதன் அடிமடிப்பு அகன்று நுனிவரை போகும். முள்ளும் மற்றத் திருக்கைகளில் இருப்பதைவிட வாலில் பின்தள்ளியே இருக்கும். கண்மேல் கருந்திரையும் அதற்கு இல்லை. ஐந்தாறு அடையாளங்கள் வேறுபடுகின்றன. ஒரே ஒரு அடையாளம் ஒத்துப்போகிறது. ஆனால் அந்த ஒன்று கண்ணைப் பறிப்பதாக இருப்பதால் மற்றவை மறந்துபோகின்றன. இரண்டையும் ‘நீலப்புள்ளித் திருக்கை’ என்றே விற்கும் அலங்கார மீன் வணிகமும் இந்தக் குழப்பத்துக்குத் தன் பங்கைச் செய்கிறது.

லிம்மாவின் பெயருக்குப் பின்னால் சோகக் கதை ஒன்று உண்டு. டென்மார்க் அரசர் 1761-இல் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் இயற்கையாளராகப் போனவர் லின்னேயஸின் மாணவர் பீட்டர் ஃபோர்ஸ்கோல். செங்கடல் மீன்களைப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்தார். 1763-இல் ஏமனில் மலேரியா அவரைக் கொண்டுபோனது. குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே ஒருவரான கார்ஸ்டன் நீபூர் அந்தக் குறிப்புகளை 1775-இல் அச்சேற்றினார். லிம்மா அந்த நூலில் பிறந்த பெயர். இதே நூலில் பிறந்த வேறொரு பெயர் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து இந்தியச் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்து ஒரு குழப்பத்தை உண்டாக்கியது. அதைப் பின்னால் பார்க்கலாம்.

கரையில் நின்று இனங்காண்பவருக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. படகிலேயே வாலை வெட்டிவிடுவது பல இடங்களில் வழக்கம். அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. வாலின் முள் இருபுறமும் ரம்பப்பல் கொண்டது, நஞ்சுத்திசு போர்த்தியது. ஆடும் படகில் அதோடு பிழைப்பு நடத்த யாருக்கும் விருப்பம் இராது. ஆனால் இனத்தைச் சொல்லும் உறுப்பு அதனோடு கடலுக்குப் போய்விடுகிறது. மீனியலாளர்கள் திருக்கையை மொத்த நீளத்தால் அளக்காமல் தட்டின் அகலத்தால் அளப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாலை நம்பி எழுதிய அளவுகள் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாதவையாகிவிடும்.

வயதும் ஏமாற்றும். சாட்டைவால் கொண்ட ஹிமாந்துராக்களில் புள்ளியும் வரியும் வளர வளர மாறும். குஞ்சில் திண்ணமான கரும்புள்ளியாக இருப்பது, பெரிதானதும் நடுவில் வெளிறிச் சிறுத்தையின் தோல்போல வளையமாகப் பிரியும். வெவ்வேறு இனங்களின் குஞ்சுகள் ஒன்றுபோலவும், ஒரே இனத்தின் குஞ்சும் முதிர்ந்ததும் வெவ்வேறாகவும் தெரிந்ததால் இந்த வகையில் குழப்பம் நெடுங்காலம் நீடித்தது. ஹிமாந்துரா லெப்பார்டா என்ற சிறுத்தைத் திருக்கை 2008-இல்தான் தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. அதுவரை அது உவார்னக், உண்டுலேட்டா என்ற பழைய பெயர்களுக்குள் கரைந்து கிடந்தது. கிலோக்கணக்கில் நிறுக்கும் பெரிய மீனுக்கே இந்தக் கதி.

முகமூடித் திருக்கைக்குத் திரும்புவோம். 1838-க்கும் 1841-க்கும் இடையில் பெர்லினில் யோஹானஸ் முல்லரும் யாகோப் ஹென்லேயும் சுறா, திருக்கைகளைப் பற்றி ஒரு பெரிய நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள். சிறுநீரகத்தில் உள்ள ஹென்லே வளைவைப் படிக்காமல் எந்த மருத்துவ மாணவரும் தேர்வு எழுத முடியாது; அந்த ஹென்லேதான் இவர். நீலப்புள்ளி கொண்ட ஒரு சிறு திருக்கைக்கு அவர்கள் வைத்த பெயர், இளம்வயதில் மாண்ட ஹைன்ரிஷ் கூல் என்ற இயற்கையாளரின் நினைவைத் தாங்கியது. கூல் 1797-இல் பிறந்தவர். டச்சு அரசின் சார்பில் ஜாவா போய், 1821-இல் இன்றைய போகோரில் இறந்தார். இருபத்துநான்கு வயது நிறையவில்லை.

முல்லரும் ஹென்லேயும் ஒரே ஒரு மீனை மேசைமேல் வைத்துக்கொண்டு எழுதவில்லை. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த ஆதாரங்களைச் சேர்த்து ஒரு இனமாக எழுதினார்கள். அக்காலத்தில் அது வழக்கம். அந்த ஆதாரங்களில் ஒன்று வனிகோரோ தீவிலிருந்து பாரிஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த உடல். வனிகோரோ இன்று சாலமன் தீவுகள் நாட்டின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. காணாமல்போன பிரெஞ்சுக் கடலோடி லாபெரூஸின் கப்பல்களைத் தேடி, அதே நாட்டுக் கடற்படை அதிகாரி தூமோன் துர்வில் 1828-இல் ‘அஸ்த்ரோலாப்’ கப்பலைக் கொண்டுபோய் நிறுத்திய தீவு அது.

பெயர் வைத்தாயிற்று. பிறகு இந்தியப் பெருங்கடலிலும் மேற்குப் பசிபிக்கிலும் நீலப்புள்ளியும் கருந்திரையும் கொண்ட எந்தத் திருக்கை கிடைத்தாலும் இந்தப் பெயருக்குள் போனது. மறுத்தவர்கள் இல்லாமலில்லை. 1873-இல் காஸ்தெல்னோ நியூ கலிடோனியா மீனைத் தனி இனம் என்றார். 1885-இல் கார்மன் சீனக் கடல் பக்கத்து மீனுக்கு ‘வேரிடென்ஸ்’ என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டையும் தூக்கி மறுபடியும் குலியைக்குள்ளேயே போட்டுவிட்டார்கள். பெயர்களைச் சேர்ப்பது எளிது, பிரிப்பதற்குத்தான் சான்று வேண்டும் என்ற மனநிலை அப்போது இருந்தது. இன்று பார்த்தால் காஸ்தெல்னோவும் கார்மனும் சரியாகவே பார்த்திருக்கிறார்கள்.

திருக்கையின் வாழ்க்கைமுறையைக் கொஞ்சம் யோசித்திருந்தாலே இந்தப் பரந்த ஒற்றை இனத்தின்மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெரும்பாலான கடல்மீன்கள் லட்சக்கணக்கில் முட்டையிடும். முட்டையும் நுண்குஞ்சும் நீரோட்டத்தில் மிதந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அதனால் ஒரே இனம் ஒரு பெருங்கடல் முழுக்கப் பரவியிருப்பதில் வியப்பில்லை. கொட்டும் திருக்கையோ குட்டி போடுகிறது. கருப்பையில் சுரக்கும் பால்போன்ற ஊட்டநீரை உண்டு வளர்ந்து, பெற்றோரின் சிறிய வடிவமாகவே குட்டி வெளிவருகிறது. எண்ணிக்கையும் மிகக் குறைவு. பிறந்த குட்டி தரையோடு தரையாக நண்டு, இறால், புழு தின்று வாழ்கிறது. நடுவில் ஆழ்கடல் குறுக்கிட்டால் தாண்டுவது கடினம். ஆயிரக்கணக்கான தீவுகளும் ஆழப்பள்ளங்களும் கலந்த இந்தோ-பசிபிக்கில் இப்படிப்பட்ட ஒரு மீன் கரைக்குக் கரை தனித்தனியாகப் பிரிந்து போவதுதான் இயல்பு.

சான்று மரபணுவிலிருந்து வந்தது. கனடாவைச் சேர்ந்த பால் ஹெபர்ட் 2003-இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: எல்லா விலங்கிலும் இருக்கும் சிஓ1 என்ற மரபணுவின் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைப் படித்தால், அதை வைத்தே பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடலாம். கடையில் பொருளின் பட்டைக்குறியைப் படிப்பது போன்ற வேலை என்பதால் அதற்கு ‘பார்கோடு’ என்றே பெயர் ஆயிற்று. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் பாப் வார்டு 2005-இல் அந்நாட்டு மீன்களுக்கும், அடுத்த ஆண்டுகளில் சுறா, திருக்கைகளுக்கும் இம்முறையைப் பயன்படுத்தினார். 2013-இல் முகமூடித் திருக்கைகளைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வுகள் வந்தன. ஆஸ்திரேலியக் குழுவும் இந்தோனேசிய, பிரெஞ்சு ஆய்வாளர்களும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: குலியை என்ற பெயருக்குள் ஒன்றோடொன்று கலக்காத பல கிளைகள் இருக்கின்றன, அவற்றின் எல்லைகள் பெரும்பாலும் கடல்நிலப்பரப்பின் எல்லைகளோடு ஒத்துப்போகின்றன. அதே ஆண்டு காஸ்தெல்னோவின் நியூ கலிடோனியா இனம் உயிர்ப்பிக்கப்பட்டது.

திருக்கைகளின் மரபணுவைப் பெருமளவில் படிக்கத் தூண்டியவர்களில் நாடாப்புழு ஆய்வாளர்களும் இருக்கிறார்கள் என்பது பலர் அறியாத செய்தி. திருக்கையின் குடலில் வாழும் நாடாப்புழுக்களில் பெரும்பாலானவை குறிப்பிட்ட ஒரு திருக்கை இனத்தை மட்டுமே பிடித்துக்கொள்பவை. புழுவுக்குப் பெயர் வைக்க வேண்டுமானால், அது இருந்த மீன் எதுவென்று ஐயமில்லாமல் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவின் ஜனீன் கைரா, கர்ஸ்டன் ஜென்சன் போன்ற ஒட்டுண்ணியியலாளர்கள் உலகின் மீன் சந்தைகளில் சேகரித்த திசுக்களை மரபியலாளர் கவின் நெய்லர் படித்தார். 2012-இல் வெளியான அந்த ஆய்வு 4,283 மாதிரிகளை எடுத்துக்கொண்டு 574 சுறா, திருக்கை இனங்களைக் கணக்கிட்டது. அவற்றில் ஒரு பகுதி அதுவரை பெயரில்லாதவை. இதே முறையில் இலங்கையின் மீன் இறங்குதளங்களில் செய்த ஆய்வு 2019-இல் வெளியாகி, அத்தீவின் சுறா, திருக்கைப் பட்டியலைத் திருத்தியது. புழுவைத் தேடிப் போனவர்கள் மீனுக்குப் பெயர் கண்டார்கள்.

2016-இல் பீட்டர் லாஸ்ட், வில்லியம் வைட், பெர்னார்ட் செரெ ஆகிய மூவரும் சிக்கலின் அடிமுடிச்சை அவிழ்த்தார்கள். குலியை என்ற பெயர் எந்த உடலுக்குச் சொந்தம்? பல ஆதாரங்களைக் கலந்து எழுதப்பட்ட பெயரானால், அவற்றில் ஒன்றை மூலமாதிரியாகத் தேர்ந்தெடுத்து அறிவிக்க வேண்டும் என்பது விலங்குப் பெயரியல் விதி. அவர்கள் பாரிஸில் இருந்த வனிகோரோ உடலைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்வோடு குலியை சாலமன் பகுதி மீனாகச் சுருங்கியது. மற்றக் கரைகளின் மீன்கள் பலவும் பெயரில்லாமல் நின்றன. அதே கட்டுரையில் மூன்று புதிய இனங்களுக்குப் பெயர் வந்தது: ஆஸ்திரேலியே, செருலியோபங்டேட்டா, ஓரியண்டலே. கார்மனின் வேரிடென்ஸும் எழுந்து வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சு ஆய்வாளர் பிலிப் போர்சாவும் உடனிருந்தவர்களும் மலாக்கென்சிஸ், மொலுக்கென்சிஸ், வெஸ்ட்பாப்புவென்சிஸ், வாலி என்று பெயர்களை அடுக்கினார்கள். பாப் வார்டின் நினைவாக பாப்வார்டை என்றொரு பெயரும் வந்தது.

அந்த வரிசையில் 2018-இல் வந்ததுதான் நியோட்ரைகன் இண்டிகா. இந்திய, தைவான், பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரை அது. முதல் ஆசிரியர் அன்னம் பவன்குமார். இந்தியக் கடல் மீன் மற்றக் கிளைகளிலிருந்து மரபணுவில் விலகி நிற்பதைக் காட்டிய அவர்கள், வெளித்தோற்றத்தையும் எண்களாக மாற்றினார்கள். முதுகின் நீலப் புள்ளிகளைச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று பிரித்து எண்ணுவது. கருநிறப் பொட்டுகளையும் தூவல்களையும் தனியாக எண்ணுவது. இண்டிகாவில் பெரிய நீலப்புள்ளி இல்லை, நடுத்தரப் புள்ளிகள் குறைவு, சிறியவை ஏராளம், கருந்தூவலும் மிகுதி. பிடரிப் பகுதியில் கண்ணில் படும் ஒரு குறியும் உண்டு. ‘நீலப்புள்ளி உள்ளது’ என்று சொல்லி நிறுத்திக்கொண்ட பழைய விளக்கத்துக்கும், எந்த அளவில் எத்தனை என்று கேட்கும் இந்த விளக்கத்துக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய 180 ஆண்டுகள்.

இந்த எண்ணும் வேலைக்கு உயிருள்ள மீனோ, புதிதாய்ப் பிடித்த மீனோ வேண்டும். பார்மலினிலும் சாராயத்திலும் கிடக்கும் உடலில் நீலம் மங்கிவிடும். ஆக, இனத்தைப் பிரிக்கும் அடையாளம் எதுவோ அதுவே பழைய அருங்காட்சியக உடல்களில் தேறாது. நல்ல வண்ணப் படங்கள் இந்த ஆய்வில் சான்றாகவே நிற்பது இதனால்தான்.

எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். இண்டிகாவின் புள்ளிக் கணக்கு பெரும்பாலான உறவினங்களிலிருந்து அதைப் பிரித்தாலும், தென் இந்தோனேசியக் கரையின் செருலியோபங்டேட்டாவிலிருந்து பிரிப்பதில்லை. அங்கே மரபணுவைத்தான் கேட்க வேண்டும். போர்சா குழுவின் பெயர்களில் சிலவற்றுக்கு அடிப்படை முக்கியமாகச் சிஓ1 எழுத்துகள் என்பதால் உடலமைப்பை நம்பும் வகைப்பாட்டாளர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களின் ஐயத்தில் நியாயம் உண்டு. சிஓ1 தாய்வழியில் மட்டும் இறங்கும் மரபணு. இரண்டு கூட்டங்கள் எல்லையில் கலந்து இனப்பெருக்கம் செய்தாலும் தகப்பன் பக்கத்துக் கதையை அது சொல்லாது. சாலமன் தீவுகளிலும் ஒரு சச்சரவு இருக்கிறது. குவாடல்கனால் தீவின் மீனை லாஸ்ட் குழு குலியை என்று கொண்டது. அது வனிகோரோ மீன் அல்ல என்று சொல்லித்தான் போர்சா அதற்கு வாலி என்று பெயரிட்டார். இதையும் எல்லோரும் ஒப்பவில்லை.

ஆனால் இந்தச் சச்சரவில் ஒரு பகுதி முடிந்துவிட்டது: பழைய பரந்த குலியை இனி இல்லை. பிரித்த துண்டுகள் எத்தனை என்பதில்தான் வாதம். ஒன்று என்று வாதிட ஆளில்லை. இந்தியக் கரை மீனைப் பற்றி எழுதும் ஆய்வுகளில் இன்னும் சில குலியை என்றே குறிக்கின்றன. அது சோம்பலே தவிர வேறில்லை.

பெயர் எதுவானால் என்ன, மீன் மீன்தானே என்று கேட்பவர்களுக்கு உழுவை என்ற மீன் பதில் சொல்லும். சுறாவுக்கும் திருக்கைக்கும் இடைப்பட்டது போலத் தோன்றினாலும் அதுவும் திருக்கை இனத்தைச் சேர்ந்ததே. அதன் துடுப்புக்கு வெளிநாட்டுச் சந்தையில் கொழுத்த விலை. 2001 ஜூலையில் இந்திய அரசு எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. மீனவர்களிடமிருந்து எதிர்ப்பு கிளம்பவே, அவ்வாண்டு டிசம்பரில் பட்டியல் பத்து இனங்களாகக் குறைந்தது. அந்தப் பத்தில் ஒன்று ரின்கோபேட்டஸ் ஜிட்டென்சிஸ். பெயரிலேயே ஊர் இருக்கிறது: ஜித்தா. ஃபோர்ஸ்கோலின் 1775-ஆம் ஆண்டு நூலில் வந்த செங்கடல் உழுவை அது.

செங்கடலிலிருந்து தென்னாப்பிரிக்கா வரை மேற்கு இந்தியப் பெருங்கடலில் வாழ்வது ஜிட்டென்சிஸ். நம் கரையில் பிடிபடும் உழுவைகளை ஊன்றிப் பார்த்தபோது அவை ரின்கோபேட்டஸ் ஆஸ்திரேலியே, ரின்கோபேட்டஸ் லேவிஸ் என்றே தெரிந்தன. அதாவது, இல்லாத மீனுக்குச் சட்டம் காவல் நின்றது. இருக்கும் மீன்கள் பட்டியலுக்கு வெளியே நின்றன. லேவிஸ் எங்கே முதன்முதலில் விவரிக்கப்பட்ட மீன் என்று பார்த்தால் வேடிக்கை இன்னும் கூடும். அதன் மூல ஊர் தரங்கம்பாடி. அங்கே இருந்த டேனிஷ் மிஷனைச் சேர்ந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் 1771-இலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர். பெர்லினில் இருந்த மருத்துவரும் மீனியலாளருமான மார்கஸ் எலீசர் பிளாக்குக்குக் கரையில் கிடைத்த மீன்களை அனுப்பிவந்தார். பிளாக் 1799-இல் இறக்க, ஷ்னைடர் முடித்து 1801-இல் வெளியிட்ட நூலில் லேவிஸ் இடம்பெற்றது. தமிழ்க் கரையின் உழுவைக்கு இருநூறு ஆண்டுப் பழைய பெயர் ஒன்று இருக்க, சட்டம் எழுதியவர்கள் ஜித்தாவின் மீனை எடுத்துப் போட்டார்கள்.

இது சில்லறைப் பிழையல்ல. 2019-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உழுவைகளையும் பெரிய கிட்டார் மீன்களையும் ஆராய்ந்து, 16 இனங்களில் 15 மிக அருகிவிட்டவை என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு உழுவைகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. இந்தியச் சட்டத்தின் அட்டவணைகள் 2022-இல் திருத்தி எழுதப்பட்டன. ஜிட்டென்சிஸ் என்ற பெயரோடு கழிந்த இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் இறங்குதளங்களில் என்ன பெயரில் எது எழுதப்பட்டதோ அதுதான் பதிவு. அதை இப்போது திருத்த வழியில்லை.

நீலப்புள்ளித் திருக்கை உழுவையைப் போல விலைபோகும் மீனல்ல. ஆனால் கணக்கு அதற்கும் அதேதான். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பான் வரை பரவிய ஒரே இனம் என்று நினைத்திருந்தவரை, ஒரு கரையில் அளவுக்கு மீறிப் பிடித்தாலும் மற்றக் கரைகளிலிருந்து வந்து நிரப்பிவிடும் என்ற தெம்பு இருந்தது. இனங்கள் தனித்தனி என்று தெரிந்த பிறகு அந்தத் தெம்புக்கு இடமில்லை. ஜாவாவில் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் மன்னார் வளைகுடாவின் குறையை அது தீர்க்காது. ஓர் ஈற்றில் ஒன்றிரண்டு குட்டி போடும் மீன் இழுவை மடியின் வேகத்துக்கு ஈடுகொடுக்கவும் முடியாது. ஆகவே இறங்குதளப் பதிவேட்டில் ‘திருக்கை – இத்தனை டன்’ என்று ஒரே வரியில் முடிப்பது போதாது. மீனவர்கள் திருக்கையில் எத்தனையோ வகை பிரித்துப் பெயர் சொல்லி விற்கிறார்கள். அரசுப் பதிவேடு அந்த அளவுக்காவது பிரிக்க வேண்டும்.

கடற்கரையில் திருக்கையைப் பார்க்கும் பொதுவாசகரும் இதில் பங்கெடுக்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் ஏற்றப்படும் படங்களை ஆய்வாளர்கள் உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள். முதுகை நேர்மேலிருந்து ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம், வால் நுனிவரை தெரிய ஒரு படம், அளவு தெரிய பக்கத்தில் ஒரு பொருள், பிடிபட்ட இடம், ஆழம், தேதி, அந்த ஊரில் அதற்கு வழங்கும் பெயர். வால் வெட்டப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். நீருக்குள் அந்த மீனைத் தேடிப் போகிறவர்கள் காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடியே நடக்க வேண்டும். அதிர்வு தெரிந்தால் திருக்கை தானாக விலகிப்போகும். மீறிக் குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். மார்பிலோ வயிற்றிலோ முள் பாய்ந்திருந்தால் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.